நமக்கு ஏற்ற தையல் யந்திரம் எது?

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வரும் இக்காலத்தில் யந்திரம் நுழையாத வீடு இல்லை எனலாம். ஆட்டுரல் இரண்டாங்கட்டின் மூலைக்குப் போய்விட்டது. அம்மியில் அரைத்த ஆச்சிமாரின் பேத்திகள் இன்று மிக்ஸியின் பொத்தானை அமுக்குகிறார்கள். அந்த வரிசையில் இப்போது நமது பள்ளித் தையல் அறையின் வாசலில் ஒரு புதிய யந்திரம் வந்து நிற்கிறது. இன்னும் உள்ளே வரவில்லை. வரலாமா, வேண்டாமா என்பதுதான் இவ்வாண்டு எங்கள் வகுப்பில் நடந்த பெரிய வழக்கு!

நமது பள்ளியின் பழைய மாணவியர் சிலர் ஒன்றுகூடித் தையல் வகுப்புக்காக ஒன்றரை லட்ச ரூபாய் தர முன்வந்திருப்பதைப் பெற்றோர்கள் அறிவார்கள். கல்விக்குக் கொடுப்பது கோட்டையூருக்குப் புதிதல்ல. இவ்வூரில் 1909இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் அளித்தவர் அல்லவா? ஆகவே பணம் வந்ததில் வியப்பில்லை. அதை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் இரண்டு கட்சிகள் பிறந்தன. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி யந்திரம் ஒன்றை வாங்கிப் பள்ளிக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்பது ஒரு கட்சி. அதே பணத்தில் சாதாரணத் தையல் யந்திரங்கள் பல வாங்க வேண்டும் என்பது மற்றொரு கட்சி. நாங்கள் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவர்கள். ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

எதிர்க்கட்சியின் யந்திரத்தைப் பார்க்காமலே குறை சொல்வது தகாது என்று எண்ணி, தையல் சிஸ்டருடன் காரைக்குடிக்குச் சென்று ஒரு கடையில் அதை ஓட்டிக் காட்டச் சொன்னோம். உண்மையைச் சொன்னால் மயங்கித்தான் போனோம். திரையில் ஒரு ரோஜாவைத் தொட்டார் கடைக்காரர். வளையத்தில் பூட்டிய துணி முன்னும் பின்னும், இடமும் வலமும் தானாக ஓடியது. ஊசி படபடவென்று இறங்கி ஏற, கண்ணெதிரே ரோஜா மலர்ந்தது. நூல் அறுந்தால் யந்திரம் தானே நின்றுவிடுகிறது. ஒரு நிறம் முடிந்ததும் நூலைத் தானே வெட்டிக்கொள்கிறது. ஊசியின் காதில் நூலைக் கோர்க்கவும் ஒரு சிறு நெம்புகோல் இருக்கிறது. சிஸ்டர்கூடக் கண் இமைக்காமல் பார்த்தார்கள்.

இத்தகைய யந்திரம் வீட்டு உபயோகத்துக்கு வந்து நெடுங்காலமாகவில்லை. ஜப்பானின் ஜனோம் நிறுவனம் மெமரி கிராஃப்ட் 8000 என்ற யந்திரத்தை வெளியிட்டது 1990இல்தான். நம் நாட்டில் உஷா நிறுவனம் ஜனோமுடன் சேர்ந்து இவ்வகை யந்திரங்களை விற்கிறது. அவற்றுள் மெமரி கிராஃப்ட் 450இ என்பது நிமிஷத்துக்கு 860 தையல்கள் வரை போடும். அதன் வளையத்துக்குள் 20 சென்டிமீட்டர் அகலமும் 28 சென்டிமீட்டர் நீளமும் உள்ள வேலைப்பாடு அடங்கும். ஒரு ரவிக்கையின் முதுகுக்கு அது தாராளம். ஆனால் ஐந்தரை மீட்டர் சேலையின் கரை முழுவதும் பூ வேண்டுமென்றால் துணியை இருபது முறை கழற்றிப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் முந்தைய பூவின் நேருக்கு அடுத்த பூ வராவிட்டால் சேலையே கெட்டுவிடும். அங்கே கம்ப்யூட்டர் உதவாது, பூட்டுகிறவளின் கண்ணும் கையுமே உதவும்.

இன்னொன்றும் கவனித்தோம். இவ்வகை வீட்டு யந்திரங்களில் ஊசி ஒன்றே. ஆறு நிறப் பூ என்றால் ஆறு முறை ஒருத்தி எழுந்து நூல் மாற்ற வேண்டும். ஒரு ரவிக்கை முதுகு வேலைக்கு 30,000 தையல்கள் என்று வைத்துக்கொண்டால், நிமிஷத்துக்கு 600 வீதம் ஓட்டினாலும் ஊசி ஓடும் நேரம் மட்டும் 50 நிமிஷம். பக்கத்தில் ஆள் இல்லாமல் அது தானே தைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

சிறப்பு அம்சங்கள் என்று அச்சிட்டுக் கொடுக்கும் தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. தைப்பதற்கும் பூ வேலைக்குமாகச் சேர்த்து விற்கும் உயர்ந்த விலை யந்திரங்களில் இருநூறு, முந்நூறு தையல் வகைகள் உண்டு. அவற்றில் இலை உண்டு, இதயம் உண்டு, வரிசையாக நடந்து போகும் வாத்தும் உண்டு. கோட்டையூரில் யாருடைய பாவாடையில் வாத்து நடக்கப் போகிறது? எங்கள் அம்மாக்களையும் அத்தைகளையும் கேட்டுப் பார்த்தோம். நேர்த்தையல், சேலை ஓரத்துக்கு ஜிக்ஜாக், பொத்தான் காஜா, இம்மூன்றுக்கு மேல் கேட்டவர் இல்லை. வேண்டாத இருநூற்றுத் தொண்ணூற்றேழுக்கும் சேர்த்தல்லவா நாம் பணம் கொடுக்கிறோம்!

விலையைப் பார்ப்போம். கறுப்பு நிற நேர்த்தையல் யந்திரம், மேஜையும் கால் மிதியும் சேர்த்து ஏறக்குறைய எட்டாயிரம், ஒன்பதாயிரத்துக்குக் கிடைக்கிறது. ஜிக்ஜாக்கும் காஜாவும் போடும் மின்சார யந்திரம் பதினைந்திலிருந்து இருபதாயிரம். எம்பிராய்டரி யந்திரமோ லட்சத்தைத் தாண்டுகிறது. பல ஊசிகள் கொண்ட தொழிற்சாலை ரகம் இன்னும் சில லட்சம். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் விலையுள்ள வீட்டு யந்திரங்களும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தையல் யந்திரங்களின் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது என்பது எல்லா ரகங்களுக்கும் ஓர் ஆறுதல்.

விலை அதிகம் என்பதற்காகவே ஒரு யந்திரத்தை ஒதுக்குகிறோம் என்று எண்ண வேண்டாம். தையல் யந்திரம் பிறந்தபோதே விலை உயர்ந்த பொருளாகத்தான் பிறந்தது. ஐசக் சிங்கர் 1851இல் தம் யந்திரத்துக்கு உரிமை பெற்றபின், அது அமெரிக்காவில் 100 டாலருக்கு மேல் விற்றது. அக்காலத்தில் அங்கே ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே 500 டாலர் அளவுதான். அவருடைய கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856இல் தவணை முறையைக் கொண்டுவந்த பிறகே அது ஏழை வீட்டுக்குள் நுழைந்தது. இன்று நம் வீடுகளில் டி.வி.யும் பிரிட்ஜும் தவணையில் வருகின்றனவே, அந்த வழக்கத்தைப் பரப்பியதில் தையல் யந்திரத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்றால் வியப்பாக இல்லையா?

நாங்கள் யந்திர விரோதிகளும் அல்ல. பிரெஞ்சு தேசத்தில் திமோனியே என்ற தையற்காரர் 1830இல் ஒரு தையல் யந்திரத்துக்கு உரிமை பெற்று, பாரிஸில் இராணுவ உடுப்புத் தைக்கும் கூடம் அமைத்தார். பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் கூட்டமாகப் புகுந்து யந்திரங்களை உடைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் சேர எங்களுக்கு விருப்பமில்லை. யந்திர மோகத்தைக் கண்டித்த காந்தி அடிகளே 1924இல், சிங்கர் தையல் யந்திரத்துக்குத் தாம் விலக்கு அளிப்பதாகச் சொன்னார். தன் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைக் கண்டு, அவள் பாரத்தைக் குறைக்கவே சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் கருத்து. மூன்றாண்டுகள் கழித்து, 1927இல், அதே காந்தி அடிகள் கதர் பரப்பச் செட்டிநாட்டுக்கும் வந்தார்கள். ஒரு பெண்ணின் பாரத்தை இந்த யந்திரம் குறைக்கிறதா, கூட்டுகிறதா? அந்தக் கேள்வியையே நாங்களும் கேட்கிறோம்.

கூட்டிய கதை ஒன்று எங்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தி நன்றாக ரவிக்கை தைப்பவர். பெண்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் வேலைப்பாடு கேட்கிறார்களே என்று கடன் வாங்கி ஓர் எம்பிராய்டரி யந்திரம் வாங்கினார். முதல் வைகாசியில் வேலை குவிந்தது. ஆனால் கல்யாணம் தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் வருவதில்லை. தவணையோ பன்னிரண்டு மாதமும் வருகிறது! துணிக்கு அடியில் வைக்கும் தாள், பளபளப்பு நூல், ஊசி என்று செலவுகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. புதுப் புது டிசைன்களுக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கம்பெனியின் யந்திரம் படிக்கும் டிசைனை இன்னொரு கம்பெனியின் யந்திரம் படிப்பதில்லை என்பது வாங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு ஒருநாள் மின்சாரம் ஏறி இறங்கியதில் உள்ளே ஏதோ ஒரு தகடு கருகிவிட்டது. பழுது பார்ப்பவர் மதுரையிலிருந்து வர வேண்டும். உதிரிப் பாகம் இன்னும் தூரத்திலிருந்து வர வேண்டும். மூன்று மாதம் யந்திரம் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. அந்த மூன்று மாதத் தவணையையும் அடைத்தது அவருடைய பழைய கறுப்பு மெஷின்தான். அதற்கு எண்ணெய் விடவும் பெல்ட் மாற்றவும் அவருக்கே தெரியும். மின்சாரம் நின்றாலும் அது ஓடும்.

இதனால் எம்பிராய்டரி யந்திரம் யாருக்குமே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. காரைக்குடியில் நான்கைந்து பேரை வைத்து வேலை வாங்கும் பெண்மணி ஒருவரைச் சந்தித்தோம். பள்ளிகளின் சின்னங்களும் கடைகளின் பெயர்களும் சட்டைப் பையில் தைத்துக் கொடுக்கிறார். ஒரே சின்னம் நூறு முறை, இருநூறு முறை. அங்கே அந்த யந்திரம் அரசியாக அமர்ந்திருக்கிறது! முதல் சின்னத்துக்கும் கடைசிச் சின்னத்துக்கும் ஓர் இழை வித்தியாசம் இல்லை. எந்தக் கைக்காரிக்கும் அது இயலாத காரியம். ஒன்றையே பலமுறை செய்வதுதான் அதன் பலம். ஆண்டு முழுவதும் அப்படிப்பட்ட வேலை கையில் இருப்பவர்கள் கடன் வாங்கியும் வாங்கலாம். தமிழக அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில், 35 வயது நிறைந்த கைவினைஞர்களுக்கு 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதாவது 50,000 ரூபாய் வரை மானியமும் அறிவிக்கப்பட்டன. அவர்கள் தொழில் செய்பவர்கள். நமது தையல் அறையோ கற்றுக்கொள்ளும் இடம்.

இங்கே ஒரு கணக்கைப் பெற்றோர்கள் முன் வைக்கிறோம். எங்கள் வகுப்பில் தையல் கற்பவர்கள் 40 பேர். வாரத்துக்கு இரண்டு பீரியட், ஆக 80 நிமிஷம். தற்போது ஓடும் யந்திரங்கள் நான்கு. நான்கு யந்திரங்களின் 320 நிமிஷத்தை நாற்பது பேர் பங்கிட்டால் தலைக்கு எட்டு நிமிஷம். நூல் கோர்த்து, பாபின் சுற்றி உட்காருவதற்குள் அடுத்தவள் தோளைத் தட்டிவிடுகிறாள். எம்பிராய்டரி யந்திரம் ஒன்று வந்தால் அதில் ஒருத்திக்குக் கிடைப்பது வாரத்துக்கு இரண்டே நிமிஷம். அதுவும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கும் இரண்டு நிமிஷம். கணக்குக்கும் ஒன்றரை லட்சத்தில் பெரும் பகுதி போய்விடும்.

அதே பணத்தில் ஒன்பதாயிரம் வீதம் பன்னிரண்டு கறுப்பு யந்திரங்கள் வாங்கினால் 1,08,000 ரூபாய். ஜிக்ஜாக் யந்திரம் ஒன்று 20,000. மீதி 22,000 ரூபாய் ஊசி, நூல், துணி, பழுதுக்கு. பழைய நான்கையும் சேர்த்தால் நேர்த்தையலுக்கு மட்டும் பதினாறு யந்திரங்கள். தலைக்கு 32 நிமிஷம்! எட்டு நிமிஷத்தில் கற்க முடியாத காலர் வளைவை முப்பத்திரண்டு நிமிஷத்தில் கற்கலாம் அல்லவா?

எங்களில் எல்லோரும் கல்லூரிக்குப் போகப் போவதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இவ்வாண்டுத் தேர்வு முடிந்ததும் சிலர் வீட்டோடு நின்றுவிடுவார்கள். அவர்களுக்கு எந்த வேலை காத்திருக்கிறது? தமிழ்நாட்டில் அரசு தரும் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். அந்த வேலை முழுவதும் நேர்த்தையல், காஜா, பட்டன். அரசு நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர், ஹயர் என்று இரண்டு நிலைகள் உண்டு. அங்கே கேட்பது அளவெடுப்பதும் வெட்டுவதும் தைப்பதும். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோருக்கும் அரசு பல ஆண்டுகளாக இலவசமாக வழங்கி வந்திருக்கும் யந்திரமும் இதே சாதாரணத் தையல் யந்திரம்தான். ஆக, பள்ளியை விட்டுப் போகும் ஒருத்தியின் கைக்கு முதலில் எட்டக்கூடிய யந்திரம் எதுவோ, அதிலல்லவா அவள் கை பழக வேண்டும்?

அப்படியானால் பூ வேலையே வேண்டாமா என்று எங்கள் எதிர்க்கட்சித் தோழியர் கேட்கிறார்கள். தாராளமாக வேண்டும். கறுப்பு யந்திரத்தின் பூட்டைக் கழற்றிவிட்டு, துணியை நகர்த்தும் பல்லைத் தகட்டால் மூடி, துணியை வளையத்தில் இறுக்கிக் கையாலேயே நகர்த்தினால் அழகான எம்பிராய்டரி போடலாம். இந்த வித்தையை எங்கள் சிஸ்டர் ஒரே ஒரு நாள் செய்து காட்டினார்கள். எட்டு நிமிஷத்தில் அதை யாருக்குச் சொல்லித் தருவது? கன்னிமாட வகுப்புகளில் பூ வேலைக்கு நீண்ட பரம்பரை உண்டு. நாகர்கோவிலில் பாதிரியார் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிஸா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்று அங்கும் அதைத் தொடங்கினார். 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூடு வந்த அன்னை மரி லூயிஸ் டி மீஸ்டரின் மடத்திலும் லேஸும் எம்பிராய்டரியும் ஏழைப் பெண்களுக்குப் பிழைப்பாயின. அவர்கள் கையில் இருந்தது நூலும் ஊசியும் மரக் கட்டைகளும். இவ்வளவு தூரம் போவானேன்? நம் வீடுகளில் ஆச்சிமார் ஓலைக் கொட்டானின் மேல் பாசிமணி கோத்து வைத்திருக்கும் வேலையைப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் யுகத்தில் பின்தங்கிவிடுவோமே என்பது மற்றொரு பயம். இதற்கும் எங்களிடம் ஒரு யோசனை உண்டு. எம்பிராய்டரி யந்திரத்தில் உண்மையான வித்தை யந்திரத்தில் இல்லை, டிசைனில் இருக்கிறது. எந்தப் பக்கமாகத் தையல் படுக்க வேண்டும், எந்த நிறம் முன்னால் வர வேண்டும், துணி சுருங்காமல் இருக்க அடியில் என்ன தையல் போட வேண்டும் என்று ஒருத்தி யோசித்துத்தான் அதைத் தயாரிக்கிறாள். இங்க் ஸ்டிச் என்ற மென்பொருள் இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கிறது. நமது பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் வாரம் ஒரு மணி நேரம் அதைக் கற்கலாம். தயாரித்த டிசைனைக் காரைக்குடியில் கொடுத்தால், ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தைத்துத் தருகிறார்கள். டிசைன் நம்முடையது, யந்திரம் அவர்களுடையது, தவணையும் அவர்களுடையது!

இத்தனைக்கும் பிறகு அந்த விலை உயர்ந்த யந்திரத்தில் எங்களுக்கு ஆசை வந்த உறுப்பு ஒன்று உண்டு. அது ஊசியில் நூல் கோர்க்கும் நெம்புகோல். கண் மங்கிய பாட்டிமார் நூல் முனையை நாவில் நனைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பேத்தியைக் கூப்பிடுவதை எல்லா வீட்டிலும் காணலாம். நல்லவேளையாக, நாங்கள் கேட்கும் ஜிக்ஜாக் யந்திரங்கள் சிலவற்றிலும் இப்போது அது இருக்கிறது. வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கும்படி மதர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை வேறும் சில உண்டு. பாபினும் ஊசியும் காரைக்குடியிலேயே கிடைக்குமா? பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார்? பழைய நான்கு யந்திரங்களின் பாபின் கேஸ் புதியவற்றுக்குப் பொருந்துமா? பொருந்தாவிட்டால் ஆறாம் வகுப்புத் தங்கைகள் அதை இதில் மாட்டி, இதை அதில் மாட்டி ஒரே மாதத்தில் இரண்டையும் கெடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு யந்திரங்களுக்கும் மோட்டார் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். தையல் அறையில் இருக்கும் பிளக் பாயிண்டுகள் இரண்டே. ஒன்று இஸ்திரிப் பெட்டிக்கு, ஒன்று ஜிக்ஜாக் யந்திரத்துக்கு. மற்றவை கால் மிதியிலேயே ஓடட்டும். மோட்டாருக்கு ஆகும் பணத்தில் கிழக்கு ஜன்னலோரம் இன்னும் ஒரு யந்திரத்துக்கு இடமிருக்கிறது, அளந்து பார்த்துவிட்டோம்.